முட்டை மார்க் வாங்கிய சிவப்பு ரோபோ

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வந்த ரோபோ ஒன்று, செய்த வேலையை எல்லாம் கெடுத்துவைக்கிறது. கடைசியில் அதன் வாத்தியார் மார்க் போடுகிறார். நூற்றுக்குப் பூஜ்யம். நம் ஊர்ப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், முட்டை. இவ்வளவுதான் கதை. இந்த ஒரே கதையை வைத்துக்கொண்டு ஜப்பானில் 118 அத்தியாயம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அலுக்கவே இல்லை. ஏன் அலுக்கவில்லை என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். சமையலறையில் இருப்பவர்கள் கைவேலையை நிறுத்த வேண்டாம், காது மட்டும் இங்கே இருக்கட்டும்.

தொடரின் பெயர் 'கம்பாரே!! ரோபோகொன்'. முதல் ஒளிபரப்பு 1974 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. கடைசி ஒளிபரப்பு 1977 மார்ச் 25, அதுவும் வெள்ளிக்கிழமை. ஒளிபரப்பியது என்.இ.டி. என்ற நிலையம், தொடர் முடிந்த கையோடு, அந்த ஏப்ரலில், அது தன் பெயரை டிவி அசாஹி என்று மாற்றிக்கொண்டது. தயாரித்தவர்கள் தோயெய் நிறுவனத்தார். மூலக் கற்பனை ஷோத்தாரோ இஷினோமோரியுடையது. 1971-இல் வந்த 'கமென் ரைடர்' என்ற முகமூடி வீரனைப் படைத்த அதே சித்திரக்கதைக்காரர். திரைக்கதையில் பெரும்பங்கு ஷோசோ உயேஹாராவுடையது; ஓகினாவா தீவின் நாஹா நகரில் பிறந்தவர்.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் ரோபோ என்றாலே கட்டடம் உயரத்துக்கு நின்று சண்டை போடுவதுதான். பையன் ஒருவன் அதற்குள் ஏறி ஓட்டுவான், எதிரியை உடைப்பான். அந்த நேரத்தில், ஆள் உயரத்தில், உருண்டையாக, சிவப்பாக ஒரு ரோபோ வந்து வாசலில் நின்று, 'வீட்டில் ஏதாவது வேலை உண்டா?' என்கிற தோரணையில் கேட்கிறது. நிஜ உலகத்திலும் ரோபோ அப்போதுதான் எழுந்து நின்றிருந்தது. 1973-இல் தோக்கியோவின் வாசெதா பல்கலைக்கழகத்தில் 'வாபாட்-1' என்ற மனித வடிவ ரோபோவை முடித்திருந்தார்கள். அது நடந்தது, கையால் பொருளைப் பிடித்தது, ஜப்பானிய மொழியில் கொஞ்சம் பேசவும் செய்தது. ஆக, வீட்டுக்கு ரோபோ வரும் என்ற எண்ணம் அன்றைக்கு வெறும் மாயாஜாலமாகத் தோன்றவில்லை.

சரி, மார்க்குக்கு வருவோம். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த பகுதி அதுதான், ஆகவே அங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோக்களுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம். அதன் ஆசிரியர் காண்ட்ஸ் சென்செய். அவரும் ரோபோதான், கண்டிப்பான ரோபோ. மாணவ ரோபோக்களை ஆளுக்கொரு வீட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார். மனிதர்களோடு வாழ்ந்து, அவர்களுக்கு உதவக் கற்றுக்கொள்ள வேண்டும். ரோபோகொன் போய்ச் சேர்வது ஓயாமா குடும்பத்துக்கு. அத்தியாயத்தின் கடைசியில் மாணவர்கள் முன்னிலையில் காண்ட்ஸ் சென்செய் தீர்ப்புச் சொல்வார்: 'ரோபோகொன், பூஜ்யம்!'

இதை வெறும் திட்டு என்று எடுத்துக்கொண்டால் தொடரின் சூட்சுமம் பிடிபடாது. இந்தப் பூஜ்யம் கதையைத் தாங்கும் தூண். அரை மணி நேர நிகழ்ச்சியில் பாட்டு, விளம்பரம், அடுத்த வார முன்னோட்டம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் குழப்பத்தை மூட்டி, பெருக்கி, முடித்தாக வேண்டும். நகைச்சுவைக் கதையில் கஷ்டமானது முடிப்பதுதான். குழப்பம் உச்சத்துக்குப் போன பிறகு எல்லாரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசவைத்தால் சிரிப்பு வடிந்துவிடும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. குழப்பம் உச்சத்தில் இருக்கும்போதே வெட்டிவிட்டு மார்க்குக்குப் போய்விடலாம்.

இன்னொன்று: பார்க்கிற பிள்ளையே திருத்துகிற வாத்தியாராகிவிடுகிறது. ரோபோகொன் ஜன்னலை உடைத்ததும், 'இன்றைக்கும் முட்டைதான்' என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடும். பகல் முழுக்கப் பள்ளியில் மார்க் வாங்கிய பிள்ளை, சாயங்காலம் மார்க் போடுகிறது. அந்தச் சுகம் இருக்கிறதே! அதோடு, எப்போதாவது பூஜ்யத்துக்குப் பதில் நல்ல மார்க் விழும்போது அது பெரிய செய்தியாகிவிடுகிறது. பூஜ்யம் வாடிக்கையாக இருப்பதால்தான் அந்த ஒரு மார்க்குக்கு மதிப்பு. மறுபடியும் சொல்கிறேன், பூஜ்யம் ரோபோகொன் மனத்துக்குப் போட்ட மார்க் அல்ல, வேலை எப்படி முடிந்தது என்பதற்குப் போட்டது. மனம் சுத்தம். வேலைதான் நாசம்.

வேலை எப்படி நாசமாகிறது? ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். இது எந்த அத்தியாயத்திலும் வந்த காட்சி அல்ல, அமைப்பு புரிவதற்காக நானே கட்டியது. வீட்டம்மா, 'துணியைக் காயப்போடு' என்கிறார். ரோபோ காயப்போடுகிறது. இதுவரை சரி. துணி காய நேரமாகிறது, ரோபோவுக்குப் பொறுக்கவில்லை. தன் மோட்டாரை முடுக்கிக் காற்று வீசுகிறது. துணி காய்கிறது, கூடவே பக்கத்து வீட்டுக்குப் பறக்கிறது. இப்போது பறந்ததைப் பிடிக்க ஓடுகிறது. ஓடும்போது பக்கத்து வீட்டு வேலி போகிறது. வேலியைச் சரிசெய்ய ஆணி அடிக்கிறது, குழாய் உடைகிறது. கவனியுங்கள், முதல் வேலையில் தப்பே இல்லை. உதவி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது கோளாறு, முதல் கோளாறைச் சரிசெய்யப் போய் வருவது. மூன்றாவது, இரண்டாவதைச் சரிசெய்யப் போய் வருவது. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பரிகாரமாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் இன்னும் அதிகம் பேரை இழுத்துவிட வேண்டும். வீட்டம்மா, பக்கத்து வீட்டுக்காரர், தெரு முழுக்க. எழுதுகிறவர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தற்செயலால் நிரப்பினால், அதாவது திடீரென்று மழை வந்து கெட்டது என்று வைத்தால், பூஜ்யம் அநியாயமாகத் தோன்றும். பிள்ளைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

துணி என்றதும் ஒரு செய்தி. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோவைத் துவாலை மடிக்கவைத்தார்கள். மடித்தது, ஒழுங்காகவே மடித்தது. ஒரு துவாலைக்குச் சராசரியாக 1,478 விநாடி எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். விளம்பரம் நீக்கிய ஒரு ரோபோகொன் அத்தியாயத்தின் நீளம்! காரணம், துணிக்கு நிலையான வடிவம் கிடையாது. இரும்புத் துண்டை எப்படி வைத்தாலும் அது இரும்புத் துண்டு. சுருண்டு கிடக்கும் துவாலையில் மூலை எங்கே என்று முதலில் தேட வேண்டும். தூக்கிப் பார்க்க வேண்டும், திருப்பிப் பார்க்க வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். தரை சுத்தம் செய்யும் வட்ட ரோபோக்களுக்கு நேர்ந்ததும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளர்ப்பு நாய் நடுவீட்டில் அசிங்கம் செய்துவைக்க, அதன் மேல் ஏறிய ரோபோ, சொன்ன வேலையைத் தவறாமல் செய்து வீடு முழுக்க மெழுகிவிடும். ரோபோகொன் செய்வது அச்சு அசல் இதுதான்.

அடுத்து, இந்த ரோபோவை எப்படி நடிக்கவைத்தார்கள். படம் இல்லாமல் சொல்ல வேண்டும், முயல்கிறேன். ரோபோவுக்குள் ஆள் இருக்கிறார். அவர் முகம் தெரியாது. குரலும் அவருடையது அல்ல. அன்றைய தோயெய் சிறுவர் தொடர்களில் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் படம் எடுத்துவிட்டு, குரலை ஸ்டுடியோவில் பிறகு சேர்ப்பது வழக்கம். ரோபோகொனுக்குக் குரல் கொடுத்தவர் கேய்கோ யாமாமோத்தோ என்ற நடிகை. ஆக ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர், ஒருவர் உடம்பு, ஒருவர் குரல்.

இதில் என்ன கோளாறு வரும்? முகமூடியில் உதடு மனிதனைப் போல அசையாது. நாலு ரோபோ வரிசையாக நின்றால் யார் பேசுகிறார் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதனால் ஒரு விதி: பேசுகிறவர் ஒவ்வொரு சொற்றொடருக்கும் தலையையோ கையையோ அசைக்க வேண்டும், மற்றவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் உள்ளே வெக்கை, கனம். வெளியே பார்க்கச் சின்னத் துவாரம், கால் வைக்கிற இடம் தெரியாது. இதற்கிடையில் வசனத்தின் நீளத்துக்குச் சரியாக அசைய வேண்டும். அசைவு சீக்கிரம் நின்றுவிட்டால் குரல் கொடுப்பவர் வசனத்தை அடித்துப்பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கும். நீண்டுவிட்டால் இட்டுநிரப்ப ஏதாவது முனக வேண்டும். ஓட்டத்தை வேகமாகக் காட்ட இன்னொரு வித்தை உண்டு. திரையில் விநாடிக்கு 24 படம் ஓடும். எடுக்கும்போது 16 மட்டும் எடுத்தால், திரையில் ஒன்றரை மடங்கு வேகம். கனமான உடையில் தத்தித் தத்திப் போகிறவர் திரையில் துடியாகத் துள்ளுவார். ஆனால் அதே காட்சியில் மனிதர் நடந்தால் அவரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் போவார், அதனால் பக்கத்தில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அவர் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும்.

இத்தனை முகமூடிகளுக்கு நடுவே ஒரே ஒரு நிஜ முகம், ரோபின்-சான். பாலே ஆடும் ரோபோச் சிறுமி, வகுப்பில் கெட்டிக்காரி. நடித்தவர் காஹோ ஷிமாதா, அப்போது பதினோரு வயது. ரோபோகொன் அவளைப் பார்த்ததும் மார்புக் கதவு படாரென்று திறந்து இதயம் வெளியே துள்ளும். அசைய முடியாத முகத்துக்கு வெட்கத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை இருக்க முடியாது என்பது என் கட்சி. போப்பி நிறுவனம் செய்த உலோக பொம்மையிலும் அந்த மார்பும் இதயமும் உண்டு. ஷிமாதா பின்னாளில் மேடை இசைநாடகங்களில் பெரிய பெயர் எடுத்தார். 1987-இல் 'லே மிசெராப்ல்' முதன்முதலாக ஜப்பானிய மேடை ஏறியபோது எப்போனீன் வேடம் அவருக்குத்தான். ரோபோகொனுக்குக் கரப்பான்பூச்சி என்றால் உயிர் நடுங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பிற்காலத் தொடர்களுக்குத் தனியாக நேரம் வைத்திருந்தேன், ரோபோகொன் தின்றுவிட்டது. ஓட்டமாகச் சொல்கிறேன். 1981 அக்டோபர் 4, ஞாயிறு, ஃபூஜி தொலைக்காட்சியில் 'ரோபோட்டோ ஹச்சி-சான்'. அதிலும் இஷினோமோரி, தோயெய். அங்கே வாத்தியார் இல்லை, பாராபாராமான் என்றொருவன் ரோபோக்களைப் பிடித்துக் கழற்றிப்போடப் பார்ப்பான். முட்டை மார்க்கைவிடப் பயங்கரமான தண்டனை. அதில் தொடங்கிய வரிசை 1993 வரை 14 தொடராக நீண்டது. முதலில் ரோபோக்கள், கடைசியில் மந்திரச் சிறுமிகள். 1999 ஜனவரி 31-இல் ரோபோகொன் புதிய தொடராகத் திரும்பியது. அதற்கு ஓராண்டு முன்பே இஷினோமோரி காலமாகிவிட்டார். 51 அத்தியாயம் ஓடி 2000 ஜனவரியில் முடிய, அடுத்த ஞாயிறே அதே இடத்தில் புதிய கமென் ரைடர் தொடர் வந்து உட்கார்ந்தது. 2020-இல் ஒரு சின்னத் திரைப்படமும் வந்தது. அதில் காதல் வயப்படுவது குழம்பில்லாத நூடுல்ஸ். எழுதியவர் யோஷியோ உராசாவா, ஹச்சி-சான் வரிசையில் நிறைய எழுதியவர். நூடுல்ஸ் ஏன் காதலிக்கிறது என்று விளக்க நேரமில்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.