ஒரே வெயில், வேறு வேறு மண்: செரி தக்காளியும் ஐரிஸும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

லயத்து வாசலிலும் சரி, டவுன் பக்கத்து வீட்டிலும் சரி, மலையகத்தில் நமக்குக் கிடைக்கிற வீட்டுத்தோட்டம் பெரும்பாலும் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். அதற்குள் பிள்ளைகள் பறித்துத் தின்னச் செரி தக்காளியும் வேண்டும், கண்ணுக்கு அழகாக ஐரிஸ் பூவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நல்ல ஆசை. ஆனால் இரண்டையும் ஒரே பாத்தியில் நட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். காரணம் விளங்கிவிட்டால், இரண்டையும் ஒரே வாசலில் தாராளமாக வளர்க்கலாம்.

இரண்டுக்கும் பொதுவாக வேண்டியது வெயில். நாளுக்கு ஆறு மணிநேரமாவது நேர் வெயில் பட வேண்டும். நம் பக்கத்தில் பகல் திரும்பினால் மூடுபனி இறங்கிவிடும், ஆகவே காலை வெயிலைத்தான் நம்ப வேண்டும். கிழக்குப் பார்த்த இடம் கிடைத்தால் விடாதீர்கள். இரவு இலையில் படிந்த ஈரம் சீக்கிரம் காயும், பாதி நோய் அதிலேயே குறையும்.

வெயிலைத் தாண்டினால் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. நடுகிற ஆழத்தையே பாருங்கள். தக்காளி நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி ஆழமாக நடலாம். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும், செடி உறுதியாக நிற்கும். ஐரிஸில் பலருக்கும் தெரிந்தது தாடி ஐரிஸ். கீழ் இதழில் மயிர் போல ஒரு கற்றை இருக்குமே, அந்த வகை. அதன் கிழங்கு இஞ்சி மாதிரிப் படுத்து வளரும். அதை ஆழமாகப் புதைத்தால் அழுகும், இல்லாவிட்டால் பூக்காமல் இலையாகவே நிற்கும். கிழங்கின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும், வேர் மட்டும் மண்ணுக்குள் இருந்தால் போதும்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். செரி தக்காளிக்குப் பசி அதிகம். நன்றாக மக்கிய மாட்டெரு, கூட்டெரு, பூ வைத்த பிறகு பொட்டாசியம் எல்லாம் கேட்கும். விறகு அடுப்புச் சாம்பலை வீசாமல் வைத்திருந்தால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் அதே மாட்டெருவைத் தாடி ஐரிஸின் கிழங்கைச் சுற்றிக் குவித்தால் செடி போய்விடும். நைதரசன் கூடினால் இலை கொழுக்கும், கிழங்கு மென்மையாகும், பக்டீரியா நுழையும். அழுகிய கிழங்கை அதன் நாற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டால் கிழங்கைத் தோண்டி எடுத்து, கூழான பகுதியைச் சுரண்டிவிட்டு, ஓரிரு நாள் வெயிலில் காய வைத்து வேறு இடத்தில் நடுங்கள்.

அடுத்தது மண்ணின் புளிப்பு. புளிப்பை அளக்கிற எண்ணைப் பீ.எச். என்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்குப் பீ.எச். 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், அதனால் தேயிலை நின்ற நிலம் புளித்த நிலமாகத்தான் இருக்கும். தக்காளிக்கு 6 முதல் 6.8 வரை வேண்டும். தாடி ஐரிஸ் அதையும் தாண்டி 7 பக்கம் போனால்தான் திருப்திப்படும். ஆக, தேயிலை மண்ணை அப்படியே அள்ளிப் பாத்தி போட்டால் இரண்டுமே வாடி நிற்கும். தோட்டங்களில் போடுகிற டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் இதற்கு உதவும். அதில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன. நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே கலந்துவிடுங்கள். எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டாதீர்கள்.

இனித் தண்ணீர். நம் மலைநாட்டில் ஆளை அலைக்கழிக்கிற விஷயம் இதுதான். தக்காளிக்கு வேரில் சீரான ஈரம் வேண்டும், இலையில் ஈரம் ஆகாது. நாலு நாள் காய விட்டு ஐந்தாம் நாள் ஊற்றினால், அல்லது காய்ந்த மண்ணில் திடீர் மழை அடித்தால், பழுக்கிற செரி தக்காளி படபடவென்று வெடிக்கும். இலை நனைந்தபடி குளிரும் சேர்ந்தால் பின்வெளிறல் நோய் வரும். உருளைக்கிழங்கைத் தாக்குகிற அதே நோய்க்கிருமிதான். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திக்கு அருகில் தக்காளி வைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். ஒரு பொலித்தீன் கூரை போதும், பக்கங்களைத் திறந்து விடுங்கள், காற்று ஓடட்டும். செடியைக் கம்பில் கட்டி, கணுவில் முளைக்கிற பக்கக் கொழுந்தைக் கிள்ளி, தரையைத் தொடுகிற இலைகளை எடுத்துவிடுங்கள். கூரைக்குள் காற்று குறைந்தால் காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். தக்காளிப் பூவின் மகரந்தம் அதிர்வில்தான் கொட்டும்.

தாடி ஐரிஸுக்குக் கூரையை விட முக்கியம் வடிகால். தண்ணீர் தேங்கக்கூடாது. பாத்தியை உயர்த்தி, இரண்டு பக்கமும் கான் வெட்டி விடுங்கள். தக்காளிக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் விழுகிற வரிசையில் மட்டும் ஐரிஸை வைத்துவிடாதீர்கள்.

குளிர் விஷயத்தில் இரண்டும் நேரெதிர். தக்காளிக்குக் குளிர்காலம் தேவையே இல்லை. இரவு 13 பாகைக்குக் கீழே போனால் பூ உதிரும், காய் பிடிக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான், தை மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனியே படியும். அங்கே கூரை இல்லாமல் தக்காளி கஷ்டம், பண்டாரவளை உயரத்தில் அவ்வளவு கஷ்டமில்லை. தாடி ஐரிஸோ பூவெடுக்கவே கிழமைக்கணக்கில் நீடிக்கிற குளிரைக் கேட்கும். நம் உறைபனி ஓரிரு இரவோடு போய்விடுகிறது. அதனால் இங்கே தாடி ஐரிஸ் பச்சைப் பசேல் என்று இலை விட்டும் பூக்காமல் இருந்தால் செடிமேல் குறை சொல்ல முடியாது. ஆசைப்படுகிறவர்கள் டச்சு ஐரிஸை முயலலாம். அது குமிழ்த்தண்டு வகை, விற்பதற்கு முன்பே குளிரூட்டிய குமிழாக வாங்கினால் நாம் குளிர் கொடுக்க வேண்டியதில்லை.

என் விருப்பத்தைக் கேட்டால், ஐரிஸ் குடும்பத்தில் குளிர் கேட்காத செடிகளுக்கு இடம் கொடுங்கள் என்பேன். ஆபிரிக்க ஐரிஸ் என்கிற டயட்டீஸ் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், கொஞ்சம் வறட்சியும் தாங்கும். பூ உதிர்ந்ததும் அதன் காம்பை வெட்டிவிடாதீர்கள், பல வகைகளில் அதே காம்பில் மறுபடி பூ வரும். அரை நிழல் மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் நியோமரிக்கா வையுங்கள். பூத்த காம்பின் நுனியில் குட்டிச்செடி முளைத்து, காம்பு வளைந்து தரையைத் தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும். பீலியடியில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற மண்ணுக்கு லூசியானா ஐரிஸ் பொருத்தம். அது அமெரிக்காவின் தெற்குச் சதுப்பு நிலத்துச் செடி. புளித்த மண், நிறையத் தண்ணீர், நிறைய எரு என்று தாடி ஐரிஸ் வெறுக்கிற அத்தனையும் அதற்குப் பிடிக்கும். ஆகவே ஐரிஸ் வாங்கும்போது எந்த வகை என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

தக்காளி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்க விட்டுப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல். செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம்; சில போகங்களுக்கு போஞ்சி, லீக்ஸ், கோவா என்று மாற்றுங்கள்.

கடைசியாக, எப்போது தொடங்குவது? ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேல் பருவமழை கொட்டும். அங்கே கார்த்திகைக் கடைசியில் விதை போட்டால் மாசி, பங்குனியின் காய்ந்த நாட்களில் பழம் எடுக்கலாம். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழை ஐப்பசியிலிருந்து தை வரை. அவர்கள் சித்திரையில் விதை போடலாம். ஆனி ஆடியில் அடிக்கிற காற்றுக்குக் கம்பை இரட்டையாக ஊன்றிக் கட்டுங்கள், தண்ணீருக்கும் வழி பார்த்து வையுங்கள். டயட்டீஸையும் நியோமரிக்காவையும் உங்கள் பக்கத்து மழை தொடங்குகிற கையோடு பிரித்து நடுங்கள். தாடி ஐரிஸ் கிழங்கை மட்டும் மழை ஓய்ந்த பிறகு வெட்டி, வெட்டுவாய் ஒரு நாள் காய்ந்த பின் நடுங்கள்.