கம்பளிக்குள் சூடு இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு பனிக்கட்டிகள். ஒன்றைத் தட்டில் அப்படியே வைக்கிறோம். இன்னொன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வைக்கிறோம். எது முதலில் உருகும்?

சிறப்பாசிரியையாக நான் பல வகுப்புகளில் கேட்ட கேள்வி இது. "சுத்தி வச்சதுதான் மிஸ். கம்பளி சூடாச்சே!" என்பார்கள். கற்றல் சிரமம் உள்ள பிள்ளையும் இப்படித்தான் சொல்கிறது, வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையும் இப்படித்தான் சொல்கிறது. கம்பளிக்கென்று சொந்தமாகச் சூடு உண்டு, இரும்புக்கென்று சொந்தமாகக் குளிர் உண்டு என்பது இருவருக்குமே பொதுவான எண்ணம். ஒரே அறையில் கிடக்கும் இரும்புக் கரண்டிக்கும் மரக்கரண்டிக்கும் வெப்பநிலை ஒன்றுதான். கையின் சூட்டை இரும்பு வேகமாக இழுத்துக்கொள்வதால்தான் சில்லென்று இருக்கிறது என்றால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள்.

விஞ்ஞானிகள் மட்டும் என்ன? 1789-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தனிமங்களைப் பட்டியலிட்டபோது, 'கலோரிக்' என்ற பெயரில் வெப்பத்தையும் அதில் சேர்த்துவிட்டார். பீரங்கிக் குழலைக் குடையக் குடையச் சூடு வந்துகொண்டே இருக்கிறதே, அது ஒரு பொருளாக இருந்தால் தீர்ந்துபோகாதா என்று இயற்பியலாளர் ரம்ஃபோர்ட் கேட்டது 1798-இல்தான்.

இன்னொன்று. வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு தம்ளர். சேர்த்துக் கொட்டினால்? "அதே வெதுவெதுப்புதான்" என்று சின்னப் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 30 டிகிரியும் 30 டிகிரியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள், "60" என்று பதில் பாய்ந்து வரும். கைக்குத் தெரிந்ததைக் கூட்டல் கணக்கு கெடுத்துவிடுகிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு ஒரே சோதனையை நாலு முறை செய்து காட்ட வேண்டியிருக்கும். ஆனால் பெரிய இடைவெளி விழுவது கேள்வித்தாளில். 'கம்பளியால் சுற்றப்படாத பனிக்கட்டியைவிடச் சுற்றப்பட்டது தாமதமாக உருகுவதேன்?' எழுத்துக்கூட்டிக் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நினைவிலிருந்து நழுவிவிடும். நாம் சோதித்தது வாசிப்பை, மதிப்பெண் குறைந்ததோ அறிவியலில்.

எட்டு வயதுப் பையன் ஒருவன். எழுத்தென்றாலே ஒதுங்குவான். அன்று தட்டில் இருந்த கட்டி தண்ணீராகிவிட்டது. கம்பளியைப் பிரித்தால் உள்ளே இன்னும் பாதிக் கட்டி. மற்றவர்கள் கூச்சல் போட, இவன் மட்டும் காய்ந்த கம்பளித் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "மிஸ், முதல்ல இதுல சூடே இல்ல. என் கை போனப்புறம்தான் வந்துச்சு. அது என் சூடு."

கம்பளி மாதிரி வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளுக்குப் பாடத்தில் அரிதிற்கடத்தி என்று பெயர். அவன் பயிற்சித்தாளில், 'அரிதிற்கடத்தி என்றால் என்ன?' என்ற கேள்விக்குக் கீழே வெற்றுக் கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டில் அவன் சொன்னதை நானே எழுதி, முழு மதிப்பெண் போட்டேன்.