மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்திய போஞ்சி

(யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தோட்டக்காரர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த இலையை முன்வரிசை ஐயாவிடம் கொடுக்கிறேன். பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். இன்று காலை கோண்டாவிலில் பறித்த பயற்றங்காய் இலை. நரம்போரம் கடும்பச்சை, நடுவில் வெளிர்மஞ்சள், விளிம்பு கீழே சுருண்டிருக்கிறது. தோட்டக்காரர் மூன்று தடவை மருந்து அடித்தாராம். வீண் செலவு. இது வைரஸால் வரும் சித்திரவடிவ நோய். இதற்கு மருந்து இல்லை. அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி குத்திய சில நொடிகளில் வைரஸ் இறங்கிவிடும். மருந்து பட்டுப் பூச்சி சாவது அதற்குப் பிறகுதான். போதாததற்கு இந்த வைரஸ் விதையிலும் வரும். நோய்ப்பட்ட கொடியில் விதைக்குக் காய் விட்டவர் அடுத்த போகத்து நோயையும் போத்தலில் போட்டு மூடி வைக்கிறார்.

எதிர்ப்புச் சக்தி செடிக்குள்ளேயே இருக்க வேண்டும். மலைநாட்டுப் போஞ்சியின் இனத்தில் இதற்கு 'ஐ' என்றொரு ஆட்சியுடைய பரம்பரையலகு (ஜீன்) உண்டு. தாய் தந்தை ஒருபக்கம் வந்தாலே இது வேலை செய்யும். வைரஸ் புகுந்த இடத்துக் கலங்களைச் செடி தானே சாகடித்து வழியை அடைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ் தாக்கினால் அடைப்பு எங்கும் நிற்பதில்லை. நரம்பு கறுத்து, தண்டு கறுத்து, வேர் வரை கருகிச் செடியே போய்விடும். வெப்பம் 30 பாகைக்கு மேல் ஏறினால் முதலில் சொன்ன வைரஸின் சில வகைகள் தாக்கினாலும் செடிக்கு இதே கதி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அதனால் புது இனம் உருவாக்குபவர்கள் 'பிசி-3' என்ற பின்னிடைவான அலகையும் சேர்த்தார்கள். வைரஸ் பெருகுவதற்குச் செடியின் புரதம் ஒன்றின் உதவி வேண்டும். பிசி-3 உள்ள செடியில் அந்தப் புரதம் சற்று உருமாறியிருக்கும். வந்த வைரஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், தாய் தந்தை இருபக்கமும் வந்தால்தான் இது வேலை செய்யும். கலப்பின் முதல் தலைமுறையில் அடையாளமே தெரியாது. இரண்டாம் தலைமுறையில் நான்குக்கு ஒன்றாக வெளிப்படும். அதிலும் 'ஐ' கூடவே இருந்தால் எந்த அலகு செடியைக் காத்தது என்று கண்ணால் பிரிப்பது கடினம். இன்று டிஎன்ஏ அடையாளங்களை வைத்துப் பொறுக்குகிறார்கள்.

பயற்றங்காயைப் போஞ்சியோடு கலக்க முடியாது. ஆனால் கௌபி அதே இனம், கலக்கலாம். கௌபியில் எதிர்ப்புள்ள வரிசைகளும் உண்டு. கலந்தபின் மீண்டும் மீண்டும் பயற்றங்காயோடு சேர்த்துத்தான் நீளக் காயைத் திரும்பப் பெற வேண்டும். கறிக்கு உதவாத குட்டைக்காயை வைத்து என்ன செய்வது?

அப்படி எதிர்ப்புள்ள பயற்றங்காய் கைக்கு வரும்வரை, முதல் இலைகள் விரிந்தவுடன் வரிசையாகப் பாருங்கள். நோயுள்ள நாற்றைப் பிடுங்குங்கள். சுகமான கொடியில் ஒரு துண்டுத் துணி கட்டி விதைக்கு விடுங்கள். இலை பின்வரிசைக்கு வந்துவிட்டதா?