பிழையை முதலில் வரவழைக்க வேண்டும்

வணக்கம். டேட்டாபேஸ் சர்வரில் பிழை திருத்துவது பற்றி ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "அதை யாருப்பா உட்கார்ந்து கேட்பாங்க?" நியாயமான கேள்விதான். ஆனாலும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போடுகிற பில், ரத்தப் பரிசோதனை ரிசல்ட், பிள்ளைகளின் ஃபீஸ் ரசீது, பஸ் டிக்கெட் முன்பதிவு என்று எதைத் தொட்டாலும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருந்து கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அது தப்பாக வைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

காசு கொடுத்து வாங்குகிற டேட்டாபேஸ்களும் உண்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கிற நிரலைப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற டேட்டாபேஸ்களும் உண்டு. இரண்டாவது வகையில் பெரிய பெயர்கள் இரண்டு. ஒன்று மைஎஸ்கியூஎல், 1995 இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. இன்னொன்று போஸ்ட்கிரெஸ், 1986 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி, பிற்பாடு உலகெங்கும் உள்ளவர்கள் கைக்குப் போய் இன்றைக்குப் பத்து லட்சம் நிரல் வரிகளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதன் சின்னம் யானை. ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவன் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

இந்தப் பத்து லட்சம் வரியில் பிழை திருத்துவது என்றால் பெரிய மூளைக்காரர்கள் இரவெல்லாம் விழித்து ஏதோ மந்திரம் எழுதுவது மாதிரி ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த வேலையில் பாதிக்கு மேல் வேறொன்று: எப்போதோ ஒரு தடவை வந்து தொலைந்த பிழையை, கேட்டவுடன் மறுபடி வரவழைத்துக் காட்டுவது. வரவழைத்துவிட்டால் திருத்துவதற்கு ஆள் இருக்கிறார்கள், வரவழைக்க முடியாத பிழையை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பூ மார்க்கெட் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கமிஷன் கடையில் பில் எண்ணைக் கம்ப்யூட்டரே வரிசையாகப் போடுகிறது. சாயங்காலம் கடைசியாகப் போட்ட பில் 5210, ஏதோ தப்பு என்று அதை அழித்துவிட்டார்கள், ஆனால் அச்சடித்த தாள் வியாபாரி கையில் போய்விட்டது. ராத்திரி கரண்ட் போய் சர்வர் அணைந்து மறுபடி கிளம்பியது. காலையில் போட்ட முதல் பில்லின் எண்ணும் 5210! ஒரே எண்ணில் இரண்டு தாள். "தம்பி, இது எந்த ஊர் கணக்கு?" என்று கேட்டால் கணக்கெழுதுகிற பையன் என்ன பதில் சொல்வான்?

பையன் மேல் தப்பில்லை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற பகுதி அடுத்த எண் என்ன என்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. அணைத்துப் போட்டால் அட்டவணையில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கடைசி வரி அழிந்திருந்தால் அந்த எண் மறுபடி வரும். இந்தப் பிழை 2003 மார்ச்சில் 199 ஆம் எண்ணில் பதிவானது, சரியானது 2018 இல் வெளியான 8.0 பதிப்பில். 15 வருடம். டேட்டாபேஸ் தான் செய்கிற மாற்றங்களை எழுதிவைக்க வட்டில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கும், எண் மாறும்போதெல்லாம் அதையும் அந்தக் குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கியதும் தீர்ந்தது. நடுவில் இருந்த வருடங்களில் கையேட்டிலேயே "இது இப்படித்தான்" என்று எழுதி வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், கையேட்டில் எழுதிவிட்டதால் பிழை நியாயமாகிவிடாது.

ஆனால் ஒன்று கவனியுங்கள், இந்தப் பிழையை வரவழைப்பது சுலபம். நாலு வரி சேர், கடைசியை அழி, சர்வரை அணைத்துப் போடு, ஒன்று சேர். எவருடைய கம்ப்யூட்டரிலும் வரும். நல்ல பிழை அறிக்கை என்றால் இதுதான்: எந்தப் பதிப்பு, என்ன கட்டளைகள், எந்த வரிசையில், என்ன வரவேண்டும், என்ன வந்தது. "சார், திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு, சரி பண்ணிக் கொடுங்க" என்று எழுதினால் அதை வைத்து என்ன செய்ய?

வரவழைத்த பிறகு ஒரு அருமையான கருவி இருக்கிறது. போன பதிப்பில் இல்லாத பிழை இந்தப் பதிப்பில் இருக்கிறது, நடுவில் 2000 மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு மாற்றத்தை எடுத்துப் பார், பிழை இருந்தால் முதல் பாதியில் தேடு, இல்லையென்றால் பின் பாதியில் தேடு என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 11 தடவையில் குற்றவாளி மாற்றம் எது என்று தெரிந்துவிடும். கிட் பைசெக்ட் என்பார்கள். இதற்கு டேட்டாபேஸின் உள் அமைப்பு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பொறுமையும் ஒரு லேப்டாப்பும் போதும்.

கஷ்டமான பிழைகள் வேறு ரகம். இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே வரியைத் தொடும்போது மட்டும் வரும், என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்று நிரலின் நடுவில் ஒரு பதிவு வரி சேர்த்தால் அந்தத் தாமதத்திலேயே காணாமல் போய்விடும். இதற்கென்றே போஸ்ட்கிரெஸில், முதல் ஆள் இதைச் செய், நில், இரண்டாம் ஆள் அதைச் செய் என்று வரிசையை எழுதிக் கொடுத்து ஓட்டுகிற சோதனைக் கருவி வைத்திருக்கிறார்கள். 2024 இல் வந்த 17 ஆம் பதிப்பில் நிரலுக்குள்ளேயே குறிப்பிட்ட இடத்தில் ஓட்டத்தை நிறுத்திவைக்கவும் வழி செய்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பிழைக்கு வருகிறேன், பிடித்த என்றால் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிற. டேட்டாபேஸ் எதையாவது எழுதச் சொன்னால் இயங்குதளம் அதை உடனே வட்டில் எழுதாது, நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக எழுதும். அதனால் டேட்டாபேஸ் அவ்வப்போது "நிஜமாகவே வட்டில் எழுதியாச்சா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். எஃப்சிங்க் என்று அந்தக் கேள்விக்குப் பெயர். எழுத முடியவில்லை என்று பதில் வந்தால், சரி, அடுத்த முறை மறுபடி கேட்போம் என்று போஸ்ட்கிரெஸ் இருந்துவிடும். 20 வருடமாக அப்படித்தான் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெரும்பாலான சர்வர்களில் ஓடுகிற இயங்குதளம் லினக்ஸ். அது செய்தது என்ன தெரியுமா? கடையில் பையனிடம் பணத்தைக் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்கிறோம். "வச்சாச்சாடா?" "முடியலண்ணே, பூட்டு திறக்கல." கொஞ்சம் கழித்து மறுபடி, "இப்ப வச்சாச்சா?" "ஆச்சுண்ணே." பணமோ பெட்டியிலும் இல்லை, அவன் கையிலும் இல்லை. முதல் தடவை சொல்லிவிட்டோமே, கடமை முடிந்தது என்று அதை மறந்துவிட்டான். லினக்ஸும் எழுத முடியாமல் போன பக்கத்தை "சுத்தம்" என்று குறித்துவிட்டு, இரண்டாம் முறை கேட்டால் எல்லாம் சரி என்றது. போஸ்ட்கிரெஸ் அதை நம்பி, அந்த மாற்றத்துக்கு ஆதாரமாக வைத்திருந்த குறிப்பேட்டுப் பகுதியையும் இனி வேண்டாம் என்று விட்டுவிடும். தரவு போனதே தெரியாது.

ஒருவருடைய சேமிப்பகத்தில் கோளாறு வந்து தரவு போனதைத் துருவிக்கொண்டு போனபோது 2018 இல் இது வெளியே வந்தது. அதை வரவழைப்பது எப்படி? கெட்டுப்போன வட்டை எங்கே தேடுவது? லினக்ஸிலேயே, நாம் சொன்ன இடத்தில் பொய்யாகக் கோளாறு தருகிற வட்டு ஒன்றை உண்டாக்க வசதி இருக்கிறது, அதை வைத்து நடத்திக் காட்டினார்கள். காட்டிய பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை, இது டேட்டாபேஸின் தப்பா லினக்ஸின் தப்பா என்று இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின் சாரம்: எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றாலே சர்வர் வேண்டுமென்றே விழுந்துவிட வேண்டும், மறுபடி எழுந்து குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும்.

விழுவதே திருத்தமா என்று கேட்பீர்கள். ஆமாம். விழுந்த சர்வரைப் பற்றி அஞ்சு நிமிஷத்தில் போன் வந்துவிடும், தப்புக் கணக்கைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிற சர்வரைப் பற்றி வருடக் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

சத்தமில்லாத பிழைகளில் இன்னொன்று வரிசைப்படுத்துவதில் வந்தது. 2018 ஆகஸ்டில் லினக்ஸில் எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்துகிற அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி 2.28 வந்தபோது எழுத்துகளின் வரிசை விதி மாறியது. ஆங்கில அமைப்பில் "11" முன்னால், "1-1" பின்னால் என்று இருந்தது தலைகீழானது. கதவு எண்களை இப்படித்தானே எழுதுகிறோம்? டேட்டாபேஸ் இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேடுவதற்கான அட்டவணை, வரிசையை நம்பி நிற்கிற விஷயம், பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேடினால் உள்ளே இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லும், ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்று வைத்த இடத்தில் இரண்டு வந்து உட்காரும். இயங்குதளத்தை மேம்படுத்தியவர்கள் எழுத்து சார்ந்த இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. 15 ஆம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸின் வரிசை விதி மாறியிருந்தால் போஸ்ட்கிரெஸே எச்சரிக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு வேலை இருக்கிற இடம் இங்கேதான். உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடை யூடிஎஃப்8 என்ற முறையில் சேமித்தால் வழக்கமான தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று பெயர் வைத்திருந்தது மூன்று பைட்டோடு நின்றுவிட்டது, அதனால் தமிழ் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் சந்தேகமில்லை. கைபேசியிலிருந்து ஒருவர் "பூ வந்தாச்சு" என்று எழுதி ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டு "பணம் நாளைக்கு" என்று முடித்தால், முகத்துக்கு நாலு பைட் வேண்டும். தப்பான தரவை ஏற்க மறுக்கிற கண்டிப்பு முறையை அணைத்து வைத்த சர்வரில் அதிலிருந்து பின்னால் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். பணம் நாளைக்குத்தான் என்ற செய்தியே போச்சு! 2010 இல் நாலு பைட் வகையைத் தனிப் பெயரில் கொண்டுவந்தார்கள், 8.0 இல்தான் அது இயல்பானது.

சிரிப்பு முகம்தானே என்று விடவும் முடியாது. முந்திரி, காணி, மா என்று பழைய நிலக் கணக்கில் எழுதிய பின்னக் குறிகள் 2019 இல் யூனிகோடு 12 இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன, அவையும் நாலு பைட். மேலூர்ப் பக்கத்துப் பழைய ஏட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கிறவர் இதில் முட்டிக்கொள்வார், பாஸ்டனில் இருப்பவர் முட்டிக்கொள்ள மாட்டார். நம்மிடம் இருக்கிற தரவு நமக்கு மட்டும் காட்டுகிற பிழைகளை நாம்தான் வரவழைத்துக் காட்ட வேண்டும், வேறு யார் செய்வார்கள்?

போஸ்ட்கிரெஸுக்குத் திருத்தம் அனுப்பினால் உடனே சேர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள். கூடவே சோதனை வேண்டும்: பழைய நிரலில் தோற்க வேண்டும், புதியதில் தேற வேண்டும். அப்புறம் வேறொருவர் வரிவரியாகப் படிப்பார். உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதனைக்கென்று விட்டிருக்கிறார்கள், விதவிதமான சிப், விதவிதமான இயங்குதளம், அத்தனையிலும் ஓடித் தேற வேண்டும். இத்தனைக்கும் பிறகும் தப்பும். 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1 இல் ஒரு திருத்தத்துக்காக உள்ளமைப்பு ஒன்றின் அளவு கொஞ்சம் கூடிவிட்டது, பழைய அளவை நம்பித் தொகுத்திருந்த சில நீட்டிப்புகளுக்கு, அதாவது கூடுதல் வசதிக்காகத் தனியாகச் சேர்க்கிற நிரல்களுக்கு, ஆபத்து. ஒரே வாரத்தில், 21 ஆம் தேதி, 17.2 வந்தது. அதனால்தான் பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் அனுப்பும்போது கையைக் கட்டிக்கொண்டு செய்வார்கள், குறைந்த மாற்றம், அழகு பார்ப்பதில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். பெரிய பிழையோடு தொடங்காதீர்கள். யாரோ அனுப்பியிருக்கிற திருத்தத்தை உங்கள் லேப்டாப்பில் ஏற்றி, சோதனைகளை ஓட்டி, தமிழ்ப் பெயர்கள் நிறைந்த ஒரு அட்டவணையில் முயன்று பார்த்து, என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினால் பரவாயில்லை, கட்டளைகள் சரியாக இருந்தால் போதும். உங்கள் பெயர் வெளியீட்டில் வரலாம், வராமலும் போகலாம்.

அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் சின்ன வேலை. போஸ்ட்கிரெஸ் திருத்தங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் இரண்டாவது வியாழக்கிழமை வரும், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் வரை தருவார்கள். உங்கள் சர்வர் எந்தப் பதிப்பு என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். 12 என்று பதில் வந்தால் அதற்குத் திருத்தம் வருவது 2024 நவம்பரோடு நின்றுபோய்விட்டது, அதற்கும் பழையது என்றால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. முதலில் ஒரு பேக்கப் எடுங்கள், அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றலாம். வணக்கம்.