அரபு படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் அகராதி அலமாரி
(கிருஷ்ணகிரியில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, மாங்காய் சீசனிலும் மண்டியை விட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். காலையிலிருந்து நாற்காலி சுமந்த வாசகர் வட்டத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

கல்லூரியில் அரபு மொழியும் இலக்கியமும் படிப்பது பற்றி மூன்று செய்திகள்: உச்சரிப்பும் இலக்கணமும் ஒன்று, அகராதி இரண்டு, கவிதை மூன்று.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றார் ஔவையார். அரபுக்கும் அதே சட்டம்தான். வீட்டில் உருது பேசும் நம் பிள்ளைகள் எழுத்து தெரியும் என்ற தைரியத்தில் வகுப்புக்கு வருகிறார்கள். உருதுவில் மூன்று எழுத்துக்கு ஒரே 'ஸ' ஒலி, நான்கு எழுத்துக்கு ஒரே 'இசட்' ஒலி. அரபில் ஒவ்வொன்றும் தனி. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வேறு சிக்கல்: அடிநாக்கில் பிறக்கும் காஃபும் சாதாரணக் காஃபும் அதன் வாயில் ஒன்றாகிவிடும். 'கல்ப்' என்பதை முதல் காஃபில் சொன்னால் இதயம், இரண்டாவதில் சொன்னால் நாய்! முதல் மாதம் முழுக்க தினம் அரைமணி வாய்விட்டுப் படித்தால்தான் இது சரியாகும். நாப்பழக்கம்!

இலக்கணம் பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டு, பஸ்ரா நகரம். அபுல் அஸ்வத் அத்துஅலி என்ற அறிஞரின் மகள் இரவு வானத்தைப் பார்த்து, 'மா அஹ்ஸனுஸ் ஸமாஇ' என்றாள். தகப்பனார், 'அதன் நட்சத்திரங்கள்' என்று பதில் சொன்னார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'அத்தா, நான் கேள்வி கேட்கவில்லையே, வானம் எவ்வளவு அழகு என்று வியந்தேன்' என்றாள். 'அப்படியானால் "மா அஹ்ஸனஸ் ஸமாஅ" என்று சொல்லம்மா, வாயைத் திறந்து சொல்' என்றார். கடைசி உயிரொலி மாறியதில் வியப்பு கேள்வியாகிப் போயிற்று! பிறகு அவர் ஓர் எழுத்தரை உட்காரவைத்து, 'நான் வாய் திறந்தால் எழுத்துக்கு மேலே புள்ளி வை, உதடு குவித்தால் முன்னே வை, கீழிறக்கினால் கீழே வை' என்றாராம். இன்றைய உயிர்க்குறிகளுக்கு அதுவே தொடக்கம் என்பது மரபு.

ஆனால் செய்தித்தாளிலும் நாவலிலும் அந்தக் குறிகள் இருக்காது. காஃப், தா, பா என்ற மூன்றெழுத்து மட்டும் நிற்கும். 'கதப' என்றால் எழுதினான், 'குதிப' என்றால் எழுதப்பட்டது, 'குதுப்' என்றால் நூல்கள். எது என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

அகராதிக்கு வருகிறேன். மாணவர் பலர் இடறுவது இங்கேதான். மரபான அரபு அகராதியில் சொற்கள் முதலெழுத்துப்படி அல்ல, அவை பிறந்த வேரெழுத்துகளின்படி அடுக்கப்பட்டிருக்கும். 'மக்தபா', அதாவது நூலகம், என்ற சொல்லை மீம் என்ற எழுத்தில் தேடுகிறார்கள். அது காஃபில், க-த-ப வேரின் கீழ் இருக்கும். 'கால', சொன்னான், என்பதில் நடுவே தெரிவது அலிஃப். வேரில் இருப்பது வாவ். 'இத்திஸால்', தொடர்பு, என்பதை அலிஃபில் தேடினால் கிடைக்காது, வாவில் பாருங்கள். வாவ் தாவுக்குள் கரைந்துவிட்டது. வேரைப் பிரிக்கும் இந்தக் கைப்பழக்கம் அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் வரும். ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்டால் வராது.

திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்கோ, 1927இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக அரபு, பாரசீக, உருதுத் துறைக்கோ நம் பிள்ளை போகிறது. அங்கே நூலகம் உண்டு. விடுமுறைக்கு ஊர் வந்தால் கையில் என்ன இருக்கிறது? செல்போனில் தட்டினால் பொருள் வரும், வேர் பழகாது. அதனால் மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்: ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மன் அறிஞரின் பெயரால் வழங்கும் அரபு–ஆங்கில அகராதி இரண்டு படி, 'அல் முன்ஜித்' என்ற அரபு–அரபு அகராதி ஒரு படி, பக்கத்தில் ஒரு மேசை. வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், குறிப்புதவிப் பிரிவிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போன அகராதி தேர்வு முடியும்வரை திரும்பாது.

கவிதை பற்றி விரிக்க நேரமில்லை. இஸ்லாத்துக்கு முந்திய காலக் கவிஞர் இம்ருல் கைஸின் முஅல்லகா என்ற நெடும்பாட்டை எடுத்தாலும் வரிக்கு நான்கு சொல்லுக்கு அந்த அலமாரிக்குத்தான் போகவேண்டும்.

இந்த அகராதிகளைக் கேட்கும் மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. மாணவர்கள் பெயர், கல்லூரி, எந்த ஆண்டு என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். பெற்றோரும் போடலாம். நன்றி, வணக்கம்.