பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, நூலகத்துக்கு மேசையும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்த முன்னாள் மாணவர்களே, என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் கல்வி அலுவலர் அவர்களே (அவருக்கு முன்கூட்டியே வணக்கம்), காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, அப்புறம் முக்கியமாகப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி நூலகத்தில் புது வாசிப்பு, ஊர் வரலாறு, இயற்கை என்று மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்றையும் பேசுகிறேன். ஆனால் எதில் ஆரம்பித்தாலும் நான் பூட்டில்தான் போய் நிற்பேன் என்பது என்னை அழைத்தவர்களுக்கே தெரியும்.

புது வாசிப்புக்குப் பஞ்சமே இல்லை. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஆக, புத்தகம் இருக்கிறது. எங்கே இருக்கிறது? பீரோவுக்குள்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சொல்லத்தான் செய்வேன். வாசிப்பும் கைப்பழக்கம்தானே, கையே படாவிட்டால் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட அழகான பீரோ, உள்ளே வரிசையாகப் புத்தகம். சாவி ஓர் ஆசிரியரிடம். அவருக்கு மாறுதல் வந்தது, மாலை போட்டு வழியனுப்பினார்கள், சாவியும் அவரோடு போய்விட்டது. யாருமே கவனிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை! அப்புறம் ஒரு நாள் இன்ஸ்பெக்ஷன். அதிகாரி வந்தார், நூலகம் எங்கே என்றார், பீரோவைக் காட்டினார்கள், திறங்கள் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆய்வகச் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள், சத்துணவுக் கூடத்துச் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள், வாட்ச்மேன் தாத்தா தன் சைக்கிள் சாவியைக்கூட நீட்டினார். கடைசியில் அதிகாரி, பரவாயில்லை என்று கண்ணாடி வழியாகவே தலைப்புகளைப் படித்துவிட்டு ‘நூலகம் நன்கு பராமரிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டானாம்: “சார், உள்ளே இருக்கிறது நிஜப் புத்தகமா?”

சிரிக்கிறீர்கள், சரி. பூட்டை உடைத்தபோது கீழ்த்தட்டு முழுவதையும் கரையான் படித்து முடித்திருந்தது.

‘புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே’ என்பதைத்தான் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் அவர் கணக்கு ஆசிரியர். நூலகப் பாடவேளையைக் கடன் வாங்கித் தேர்வு வைக்கும் கணக்கு ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

அடுத்து ஊர் வரலாறு. இதைப் பிள்ளைகளே எழுதலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுங்கள், எந்த ஆண்டு முதல் பெண் பிள்ளை படிக்க வந்தாள், அப்பாக்கள் என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தொழில் காணாமல் போனது என்று அதிலேயே பாதி வரலாறு கிடக்கிறது. மீதியைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அட்டை போட்டு, பதிவு எண் கொடுத்து அலமாரியில் வையுங்கள். தான் எழுதியது அங்கே இருந்தால் அந்தப் பிள்ளை நூலகத்துக்கு வராமல் இருக்குமா? கல்வெட்டு பற்றியும் சொல்ல வந்தேன், தலைமையாசிரியர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

இயற்கைக்கு ஒரே ஒரு செய்தி. பறவையியல் அறிஞர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைப் பார்த்து, இது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கிருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் பையனை விரட்டவில்லை. பாடம் செய்த பறவைகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தனுப்பினார். திறந்தார், கொடுத்தார், அவ்வளவுதான்! மறுபடியும் சொல்கிறேன், சித்திரமும் கைப்பழக்கம்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் தங்கள் கைக்காசு போகும் என்று பயம், அதனால்தான் பூட்டுகிறார்கள். ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-ஐப் பாருங்கள். எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 5 தொலைவது இயல்பான இழப்பு என்று அதிலேயே இருக்கிறது, முறைகேடோ அலட்சியமோ இருக்கக் கூடாது; ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நம் பள்ளிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்துமா என்பதைவிட, அரசாங்கமே ஏற்கும் ஒன்றை நாம் ஏன் ஏற்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

ஆகவே மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, அடுத்த கூட்டத்தில் இதே அளவுக்கு ஒரு தீர்மானம் போடுங்கள். கிழிந்தாலும் தொலைந்தாலும் அந்த வரம்புக்குள் யாரும் பணம் கட்ட வேண்டாம் என்று எழுதுங்கள். சாவியை எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவரிடம் வாரம் மாற்றிக் கொடுங்கள். கல்வி அலுவலர் வந்துவிட்டார் என்று சைகை காட்டுகிறார்கள், மைக்கை அவரிடம் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.