கோல்டன் கேட் பாலமும் இரண்டு வலைகளும்

வணக்கம் மக்களே. இன்று சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பாலம் என்றாலே நான் அதன் உயரத்தில் ஆரம்பிப்பேன். 227 மீட்டர் கோபுரங்கள், நடுவில் 1,280 மீட்டர் இடைவெளி, 1937-இல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம். அந்தப் பிரமிப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் மகள் பிறந்த பிறகு என் கண் கோபுரத்துக்குப் போவதே இல்லை. கைப்பிடிக் கம்பிக்கும் அதற்குக் கீழேயும்தான் போகிறது.

நடைபாதையில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு பக்கம் வண்டிகள் விர்ரென்று போகும், இன்னொரு பக்கம் கடல். காற்று வேறு. பிடியை இறுக்கிக்கொண்டேதான் நடக்கிறேன்.

பாலம் கட்டும்போது அடியில் ஒரு வலை கட்டியிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் செய்த ஏற்பாடு. தவறி விழுந்த 19 பேரை அது காப்பாற்றியது. பாலம் திறக்க சில மாதங்களே இருக்கும்போது, 1937 பிப்ரவரி 17 அன்று, சாரம் பெயர்ந்து வலையையும் கிழித்துக்கொண்டு கீழே போனது. 10 பேர் இறந்துபோனார்கள். இதை நான் முன்பும் படித்திருக்கிறேன். இப்போது படித்தால், அன்று சாயங்காலம் அந்தப் பத்து வீட்டுக் கதவையும் யார் போய்த் தட்டியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவர்களைப் பெற்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்று எட்டிப் பார்த்தால் தெரிவது வேறொரு வலை. துருப்பிடிக்காத எஃகு வலை. உயிரை விடும் எண்ணத்தோடு வருகிறவர்களைத் தடுப்பதற்காகப் போட்டது. 2024 ஜனவரியில்தான் வேலை முடிந்தது. பிள்ளையை இங்கே பறிகொடுத்த அப்பா அம்மாக்கள் இதற்காகப் பல வருடங்கள் விடாமல் போராடினார்கள். பாலத்தின் அழகு கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவே இல்லை. தன் பிள்ளை இனி வரப்போவதில்லை என்று தெரிந்தும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் பிள்ளைக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று பேசியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இருக்குமா, தெரியாது.

என்னைக் கேட்டால், பாலத்தைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த இரண்டு வலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரி, பிள்ளை பிறந்த பிறகு நீங்கள் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்த இடம் எது? கமெண்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன்.